ஐஸ் வண்டி எந்தத் தட்டில்?

மார்ச் 2

என் அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தம்பி அங்கே வந்து சேர்ந்தானா? எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான்.

போலீஸ் வேலை என்றதும் ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமும் தருவார்கள் என்று நினைத்து வந்தேன். நிலையத்துக்குப் பின்பக்கம் கம்பிக் கதவு போட்ட ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். வழக்குகளில் கைப்பற்றிய பொருள்கள் அத்தனையும் அங்கேதான். கத்தி, கடிகாரம், ஒற்றைச் செருப்பு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, யாருடையதோ ஒரு பல் செட்டு. பல் செட்டு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு மேலே இருப்பவரை எல்லோரும் அரக்கு ஐயா என்கிறார்கள். பொட்டலங்களுக்கு அரக்கு முத்திரை வைத்து வைத்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கும். முதல் நாளே என் கையில் ஒரு வாணலியைக் கொடுத்து, இது எந்தத் தட்டு என்றார். அங்கே இரும்பு அலமாரியில் மூன்று தட்டுகள். மேல் தட்டு, எதைக் கொண்டு குற்றம் செய்தார்களோ அது. நடுத் தட்டு, குற்றம் செய்து எதைக் கொண்டுபோனார்களோ அது. கீழ்த் தட்டு, நடந்ததைச் சொல்லக்கூடிய பொருள்: ரேகை, கறை, முடி, கீறல் எல்லாம் பட்டது. வாணலியால் மண்டையில் அடித்திருந்தால் மேலே. வாணலியைத் திருடியிருந்தால் நடுவில். திருடன் கைபட்டிருந்தால் கீழே. இது மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் வாணலி, வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரே பொருள்தான் அக்கா, அது என்ன செய்தது என்பதை வைத்து அதன் தலையெழுத்தே மாறுகிறது. மேல் தட்டில் ஏறியது பெரும்பாலும் வீடு திரும்பாது. நடுத் தட்டு சொந்தக்காரருக்குப் போகும். கீழ்த் தட்டு வழக்கு முடியும்வரை காத்திருக்கும்.

நிலையத் தொலைபேசியில் சொந்தக் கதை பேசினால் லாக்கப்பில் இருப்பவன்கூட எட்டிப் பார்க்கிறான். அதனால் எழுதிக்கொண்டே இருப்பேன், நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் வாயாடி


மார்ச் 14

அடி வாயாடி,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பல் செட்டையே பார்த்துக்கொண்டு உட்காராதே. உன் வாய்க்குக் கடைசியில் ஒரு கம்பிக் கதவு போட்டார்களே என்று அத்தானிடம் சொன்னேன். லேசாகச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், சொன்னால் நீ தலையில் ஏறிக்கொள்வாய்.

தம்பி வந்துவிட்டான். புது வேலை கிடைக்கும்வரை இங்கேதான்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். பெரிய சாமான் எல்லாம் இருக்குமே, வண்டி வாகனம் மாதிரி, அது அலமாரியில் ஏறாதே. அதற்கு என்ன செய்வார்கள்?

அக்கா


மார்ச் 20

அக்கா, அக்கா,

சளி பிடித்து மூக்கு ஒழுகுகிறது. ஆனால் உன் கேள்வியைப் பார்த்ததும் போர்வையை உதறிவிட்டு எழுந்தேன். நீ இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டியவள். அங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லையே?

வண்டிகளுக்குத் தனி முற்றம் இருக்கிறது. தட்டு என்னவோ அதே மூன்றுதான். ஒரு வாடகைக் காரில் கொள்ளைக்காரன் ஏறிப் போயிருக்கிறான். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. படம் எடுத்துக்கொண்டு, கூப்பிடும்போது கொண்டுவருகிறேன் என்று பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு மோட்டார் சைக்கிள். எதற்கு என்று தெரிந்தே நண்பனுக்குக் கொடுத்தவனுடையது. அது போயே போச்சு. சக்கரத்துக்குள் புல் முளைத்திருக்கிறது. அரக்கு ஐயாவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தெரிஞ்சு குடுத்தானா, தெரியாம குடுத்தானா?"

வெயில் தொடங்கிவிட்டது. உங்கள் ஐஸ் வண்டி தெருத்தெருவாகப் பறக்குமே. இந்த மூன்று மாத ஓட்டத்தில்தான் உங்கள் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிகிறது. எனக்கும் சேர்த்து மணியை ஆட்டச் சொல் அத்தானை.

வாயாடி


ஏப்ரல் 4

வாயாடிக்கு,

சளி விட்டதா? வெந்நீர் குடி. இங்கே வெயில் கடுமை.

இன்னொன்று. வீட்டு ஆளே ஒருத்தன் கேட்காமல் ஒரு வண்டியை எடுத்துப்போனால், அதற்கும் திருட்டு என்றுதான் பெயரா? பக்கத்து வீட்டில் இதைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது, அதனால் கேட்டேன்.

அக்கா


ஏப்ரல் 9

அன்பு அக்கா,

சளி போய்விட்டது. உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் பதில். உடையவர் சம்மதம் இல்லாமல் எடுத்திருந்தால் வண்டி நடுத் தட்டுக்கு வரும். அதுவே களவு போன பொருள். பறிகொடுத்தவருக்குச் சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் எடுத்தவன் வீட்டு ஆளாக இருந்தாலும் கம்பி எண்ணுவான். வண்டி வெளியே வரும், ஆள் உள்ளே போவான்.

இப்போது என் கேள்வி. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பூனைகூட இல்லை என்று போன ஜனவரியில் எழுதியது நீதானே? பூட்டிய வீட்டில் யார் பேசினார்கள்? இரண்டு கடிதமாக நீ அத்தான் வியாபாரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வண்டி எங்கே அக்கா?

உன் தங்கை


ஏப்ரல் 24

அக்கா,

பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எல்லோரும் உயிரோடு, உடம்பு நன்றாக இருக்கிறீர்களா என்று அதையாவது எழுது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.


ஏப்ரல் 28

என் தங்கச்சிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அத்தானுக்கு மட்டும் தூக்கம் இல்லை. உன்னிடம் மறைத்தது தப்புதான். முதல் வேலையில் இப்போதுதான் கால் ஊன்றியிருக்கிறாய், உன் காதில் இதைப் போட வேண்டாம் என்று இருந்தேன்.

வண்டி போலீஸ் முற்றத்தில் நிற்கிறது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தான் காய்ச்சலில் படுத்திருந்தார். நம் தம்பி ஆணியில் இருந்த சாவியை எடுத்து, வண்டியைக் கொண்டுபோய் அவன் சிநேகிதன் ஒருத்தனிடம் கொடுத்திருக்கிறான். ஒல்லியாக இருப்பானே, ஈர்க்குச்சி என்று கூப்பிடுவார்கள். வீடு மாற்ற வேண்டும் என்று கேட்டானாம். இருபத்தாறு வயதுக் கழுதை, சாவியைக் கொடுத்துவிட்டுப் பகல் காட்சி சினிமாவுக்குப் போய்விட்டது. ஈர்க்குச்சியும் அவன் ஆட்களும் மூடியிருந்த ஒரு கிடங்கை உடைத்து, தண்ணீர் மோட்டார்களை நம் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். சந்திப்பில் போலீஸ் மறித்ததும் விட்டுவிட்டு ஓட்டம். பக்கவாட்டில் ஐஸ் பொம்மை பல்லைக் காட்டிச் சிரிக்கிற வண்டியில் திருடப் போகிறவனை என்னவென்று சொல்ல.

போலீஸ் வீட்டுக்கு வந்து, வண்டியை யார் எடுத்தது என்று கேட்டார்கள். தம்பி சமையலறை வாசலில் வெளுத்துப்போய் நின்றான். அத்தான் அவனை ஒரு தடவை பார்த்தார். "நான்தான் குடுத்தேன். வீடு மாத்தணும்னு ஒருத்தர் கேட்டார், பேர் தெரியாது" என்றார். என்னிடம்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஈர்க்குச்சி பிடிபட்டான். அவன் வீட்டில் ஒரு கடப்பாரையும் எடுத்தார்கள். வண்டியைக் கொடுத்தது அத்தான்தான் என்று போலீஸ் சொன்னதும், தனியாக மாட்டுவானேன் என்று, ஓனருக்கும் பங்கு உண்டு, ஓனரே கிடங்குக்கு வந்து நின்று வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டான். இப்போது அத்தான் பெயரும் வழக்கில் வரப் போகிறது. வண்டியும் உன் மேல் தட்டுக்குப் போகும் என்கிறார்கள். தம்பி திருடினான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி வரும், அத்தான் தப்பிப்பார். சொல்லாவிட்டால் தம்பி தப்பிப்பான். வண்டியா தம்பியா என்று என்னை நிறுத்திவிட்டது. அம்மா போனதிலிருந்து அவனுக்குச் சோறு போட்டவள் நான். என் வாயால் எப்படிச் சொல்ல?

ஒரே ஒரு ஆறுதல். பெட்டியில் இருந்த ஐஸ் எல்லாம் உருகி வண்டி முழுக்க எறும்பு. முற்றத்துக் காவலரிடம் கெஞ்சி, போன வாரம் உள்ளே புகுந்து சோப்பும் வெந்நீரும் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்துவிட்டேன். இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. பின்கதவின் ஓரத்தைத்தான் போலீஸ்காரர்கள் முரட்டுத்தனமாகத் திறந்து நசுக்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்க முடியுமா?

அக்கா


மே 1

அடி அக்கா,

உன் இடுப்பு, அத்தான் தூக்கம் எல்லாம் இருக்கட்டும். சோப்பா போட்டாய்? வெந்நீர் வேறயா? மூலை முடுக்கெல்லாமா? படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் மைப்புட்டி கவிழ்ந்தது. அந்த எறும்புக்கு இருந்த அறிவு நமக்கு இல்லை. யார் யார் கை எங்கெங்கே பட்டது என்று அந்த வண்டி எழுதி வைத்திருந்ததை நீ துடைத்துவிட்டாய். தடயத்தை அழிப்பது தனிக் குற்றம். யாராவது கண்டுபிடிப்பதற்கு முன் நீயே போய் வழக்கைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரிடம் சொல். நாளைக்கே.

உன் கடிதம் வந்ததும் அரக்கு ஐயாவிடம் போய், இது என் அக்கா வண்டி என்று சொல்லிவிட்டேன். வேறு நிலையத்து வழக்கு, அங்கே யாரிடமும் நீ பேசக்கூடாது என்றார். "நம்ம ஜன்னல்ல வந்து நிக்கிற யாருக்கும் என்ன சொல்லுவியோ, அதை மட்டும் அக்காவுக்குச் சொல்லு" என்றார். அதனால் ஜன்னலில் நிற்கும் அக்காவுக்குச் சொல்கிறேன்.

அந்தப் பின்கதவு. உடைத்தது போலீஸ்தான் என்று உனக்கு யார் சொன்னது? போன தடவை வந்தபோது நான் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? அதற்குச் சாவியும் கிடையாது, பூட்டும் கிடையாது. உள்ளே தள்ளி, முட்டியால் ஏந்தி, பிடியைத் திருப்ப வேண்டும். தெரியாதவன் தலைகீழாக நின்றாலும் திறக்காது. தெரிந்தவர்கள் நீ, அத்தான், தம்பி. ஈர்க்குச்சிக்கு எப்படித் திறந்தது? ஓனரே வந்து திறந்துவிட்டார் என்றால் கதவின் ஓரம் ஏன் நசுங்க வேண்டும்?

கேள் அக்கா. ரேகை சோப்பில் போகும். இரும்பு இரும்பைக் கடித்த தழும்பு போகாது. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், நேரில் பார்க்காமல் சொல்கிறேன். இன்ஸ்பெக்டரோடு போய்ப் பார். யாரும் தொடாதீர்கள். அத்தானுக்கு எதையும் தட்டி நிமிர்த்துகிற வழக்கம் உண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்.

உடனே எழுது.

வாயாடி


மே 7

வாயாடி,

சாப்பிட்டாயா? நாங்கள் நேற்று நன்றாகச் சாப்பிட்டோம், எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

நீ சொன்னபடி அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. வண்டியைக் கழுவினேன் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். "கழுவினீங்களா? என்ன, பொண்ணு பார்க்கவா கூட்டிட்டுப் போறோம்?" என்றார். முற்றத்துக் காவலரைக் கூப்பிட்டு அவருக்கு அரை மணி நேரம் அர்ச்சனை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. என்னிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். தானாக வந்து சொன்னதால் இதோடு விட்டேன் என்றார்.

பிறகு கதவைச் சொன்னேன். நாங்கள் உடைக்கவில்லை, பிடித்தபோதே அப்படித்தான் இருந்தது, பழைய வண்டி என்று விட்டுவிட்டோம் என்றார். பார், அவர்கள் நாங்கள் உடைத்தது என்று நினைத்திருக்கிறார்கள், நாங்கள் அவர்கள் உடைத்தது என்று நினைத்திருக்கிறோம். எல்லோருமாக முற்றத்துக்குப் போனோம். எப்படித் திறப்பீர்கள், காட்டுங்கள் என்றார் அந்த அம்மா. அத்தானோ நீ சொன்னது மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். தொடவும் கூடாது, காட்டவும் வேண்டும். கதவுக்கு ஓர் அடி தள்ளி நின்று வெறும் காற்றில் தோளால் தள்ளி, முட்டியைத் தூக்கி, இடுப்பை ஒரு திருப்பு திருப்பினார். நிலையமே ஜன்னலில் நின்று சிரித்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த நசுங்கலையே பார்த்தார். "இதைப் பார்க்காம விட்டுட்டோமே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கதவையே கழற்றிக் காகிதம் சுற்றிக் கட்டச் சொன்னார். ஈர்க்குச்சி வீட்டுக் கடப்பாரையும் கதவும் தனித்தனிப் பொட்டலமாக ஆய்வகத்துக்குப் போகின்றன.

வண்டியை யார் கொடுத்தது என்று திரும்பவும் கேட்டார். அத்தான் திரும்பவும், நான்தான் என்றார். அந்த அம்மா அவரை வெறுமனே பார்த்தார். எனக்கு மண்ணுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

அக்கா


மே 15

தங்க அக்காவுக்கு,

நலமா நலமா நலமா? நான் இந்த அறையில் குதித்த குதியில் அரக்கு ஐயா, அலமாரி விழப் போகிறது என்று பயந்துவிட்டார்.

ஒவ்வொரு கடப்பாரை நுனிக்கும் ஒரு பல்வரிசை உண்டாம். சொட்டை, பிசிறு, தேய்மானம். இரண்டு கடப்பாரை ஒன்றாக இருக்காது. அதே நுனியால் வேறு தகட்டில் அழுத்தி, பூதக்கண்ணாடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கோடுக்குக் கோடு சேர்ந்தால் ஈர்க்குச்சி சொன்னது பொய். கதவு அத்தானுக்காகப் பேசும்.

ஆனால் அக்கா, ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. கதவு உண்மையைச் சொல்லும்போது அத்தான் பக்கத்தில் நின்று பொய் சொன்னால், கதவையும் யாரும் நம்ப மாட்டார்கள். கொடுத்தேன் என்கிறார். யாருக்கு என்றால் பேர் தெரியாது. இதைக் கேட்டால் நானே நம்ப மாட்டேன். தம்பி உன்னிடம்தான் வளர்ந்தான். எனக்கும் அவன் உயிர்தான். கதவு அவனுக்கும் சேர்த்துத்தான் பேசும், அவன் கூட இருந்திருந்தால் அவனே முட்டியால் திறந்திருப்பான். ஆனால் கேட்காமல் எடுத்ததற்கு அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தைரியத்துக்காகச் சொல்ல மாட்டேன். என்ன செய்வது என்று நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

வாயாடி


ஜூன் 12

என் செல்லத் தங்கச்சி,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் மூன்று பேரும் நலம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் கடிதத்தைச் சத்தமாகத்தான் படித்தேன். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். தம்பி வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அவன் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். ஓடிவிட்டான் என்று நினைத்தேன். இத்தனை நாள் அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோமே, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானே என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவனைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன்.

மதியம் ஒரு காவலர் வந்து எங்களைக் கூப்பிட்டார். போனால் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், நம் தம்பி. சவரம் செய்து, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு. அத்தான் கொடுக்கவில்லை, நான்தான் கேட்காமல் எடுத்தேன் என்று காலையிலேயே வந்து எழுதிக் கொடுத்துவிட்டான். ஆய்வக முடிவு அப்போது வரவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே போட்டால் போடட்டும் என்றுதான் போயிருக்கிறான். நான் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அப்புறம் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாலாம் நாள் முடிவு வந்தது. கோடுக்குக் கோடு சேர்ந்துவிட்டது. ஓனரோ அவர் மச்சானோ வந்திருந்தால் நாங்கள் எதற்குக் கடப்பாரையைத் தேடப் போகிறோம் என்று ஈர்க்குச்சியே ஒப்புக்கொண்டான். அத்தான் பெயர் வழக்கில் வராது. தம்பி அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வான்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் அம்மா அத்தானைக் கூப்பிட்டு, பொய் சொன்னதற்கு நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "உங்க மச்சான் கேக்காம எடுத்திருக்கான். திருட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, வண்டி இந்த வாரமே வீட்டுக்கு வரும். இல்லேன்னா கோர்ட்டு சொல்றவரைக்கும் இங்கதான் நிக்கும்" என்றார். தம்பி, எழுதுங்க அத்தான், என்றான். வெளியே அப்படி ஒரு வெயில், நம் வியாபாரத்துக்கு மிச்சம் இருந்த கடைசி வெயில்.

அத்தான் தாளை எடுத்து, கேட்காமல் எடுத்தான் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா படித்துவிட்டு, திருட்டு என்று இல்லையே என்றார். "கேக்காம எடுத்தான், அது நெசம். அதை எழுதிட்டேன். அதுக்கு மேல எழுத எனக்குக் கை வராதும்மா" என்றார் அத்தான்.

வெயிலெல்லாம் போய்விட்டது. பழைய காகிதம், புட்டி எல்லாம் விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. இன்றைக்குத்தான் கோர்ட்டு உத்தரவு வந்தது. வண்டி மேலேயும் இல்லை, நடுவிலும் இல்லையாம், உன் கீழ்த் தட்டாம், அந்த வாடகைக் கார் மாதிரி கூப்பிடும்போது கொண்டுபோக வேண்டுமாம். பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் காவலர் சாவியை நீட்டினார். அத்தான் வாங்கவில்லை. இன்னமும் தள்ளியே நின்ற தம்பியைக் கூப்பிட்டு, "நீ வாங்கிக்கோ. இப்ப நான் குடுக்கறேன்" என்றார்.

தம்பிதான் ஓட்டினான். நான் நடுவில், அத்தான் ஓரத்தில். பின்கதவு உங்கள் ஆட்களிடம் இருப்பதால் முதுகில் காற்று அடித்தது. வீடு வரும்வரை அவன் வேகத்தைக் கூட்டவே இல்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள், ஒருத்தன் கெட்ட வார்த்தையில்கூடத் திட்டினான். அத்தான் சீக்கிரம் போ என்று சொல்லவே இல்லை.

உன் அக்கா